சேலத்து வட்டாரக் கவிதை: சிறுநூலா, ஊர் வாசிப்பா?

சேலத்து வட்டாரக் கவிதைகளைச் சிறுநூலாக அச்சிடுவதா, ஊர் மக்கள் முன் வாசிப்பதா? சிறுநூலுக்கு டெமி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில் 32 பக்கம் போதும். முகப்புப் பக்கங்களுக்கு 4 போனால், பக்கத்துக்கு ஒன்றாக 28 கவிதைகள். தாள்களை மடித்து நடுவில் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். சிக்கல் எழுத்துருவில்தான். கைப்பேசியில் ஒருங்குறியில் (யூனிகோடு) அடித்ததை அச்சகம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். நீளமான வரி மடங்கி, கவிஞர் நினைக்காத இடத்தில் உடையும். வரிமுறிவே கவிதையின் மூச்சு என்பதால், தாளில் எடுத்த மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கும் சோதனை அச்சை, கவிஞரே பார்க்க வேண்டும்.

வாசிப்புக்குச் செலவு குறைவு, ஆனால் நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். சேலத்து நெசவுப் பகுதியான அம்மாப்பேட்டையில் தறி ஓடும் நேரத்தில் குரல் எடுபடாது. ஏற்காட்டு மலையில் நவம்பர் முதல் காப்பிப் பழ அறுவடை. தோட்ட வேலை முடிந்து களைத்து வருபவர்களை மாலையில் உட்கார வைக்கக் கூடாது, ஞாயிறு பகல்தான் சரி. ஆளுக்கு மூன்று கவிதை, அதற்கு மேல் கவனம் நிற்காது.

நூல் தராத ஒன்றை வாசிப்பு தரும்: திருத்தம். மே மாதத்தில் காப்பிப் பழம் சிவப்பதாக எழுதினால் பழம் பறிக்கும் அக்கா அங்கேயே மறுப்பார். கோடை மழைக்குப் பின் அது பூக்கும் செடி. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறுவதையும் அவர்களே சரியாகச் சொல்வார்கள். நகரத்து விமர்சகர் கண்ணில் இந்தப் பிழைகள் படாது.

அதனால் வாசிப்பை முதலில் வையுங்கள். அச்சுக்கு அடுத்த மாதம் கொடுக்கலாம். மலையில் வாசித்த கவிதைகள் நூலானால், சில பிரதிகளை அந்த ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் முதலில் கொடுத்துவிடுங்கள்.