பத்து வயது லேப்டாப்பில் மூன்று வருட லினக்ஸ் மின்ட்

இந்த லேப்டாப்பை 2015 கடைசியில் வாங்கினேன். ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி சுழலும் ஹார்டு டிஸ்க். 2022 வாக்கில் விண்டோஸ் 10 அதில் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. காலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் போய், காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11க்குப் போகலாமா என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14 என்று கெடு வைத்துவிட்டார்கள்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவன். நாள் முழுக்கத் தமிழ்த் தட்டச்சு, வேர்டு கோப்புகள், பிடிஎஃப், பிரவுசர். அவ்வளவுதான். இதற்காக நாற்பதாயிரம் கொடுத்துப் புது லேப்டாப் வாங்க மனசு வரவில்லை. அக்கா மகன் அப்போது பொறியியல் மூன்றாம் வருடம். "மாமா, பேசாம லினக்ஸ் போட்டுருங்க" என்றான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது; உபுண்டு, மின்ட், ஆர்ச் என்று பல வகைகளில் கிடைக்கும். எந்த லினக்ஸ் என்று நான் கேட்டதுதான் தப்பு. "ஆர்ச் போடுங்க மாமா, எல்லாத்தையும் கத்துக்கலாம்" என்றான். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அறுபது பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது.

லினக்ஸ் எனக்கு முற்றிலும் புதுப்பெயர் இல்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்து உருவாக்கியது அது. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. நானும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

எதைப் போடுவது என்று முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவர் உபுண்டு என்பார், அடுத்தவர் அதைத் தொடாதே ஃபெடோரா போடு என்பார், மூன்றாமவர் இதற்கெல்லாம் தாய் டெபியன்தான் என்பார். இப்போது யோசித்தால் அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதி வீண். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். எத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடும்? என் லேப்டாப்பில் இருக்கும் சாமான்களை அது அடையாளம் காணுமா?

முதல் கேள்விக்கே பாதிப் பேர் கழிந்துவிட்டார்கள். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாதம்தான் ஆதரவு. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதியவை வந்துகொண்டே இருக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஐந்து வருடம் தாங்கும். அதை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்டும் அப்படியே. நான் பார்த்த சமயம் மின்ட் 21 வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆதரவு 2027 வரை. டெபியனின் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் அப்போது தனியுரிம ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற சாமான்கள் இயங்கத் தேவையான சிறு மென்பொருள்) இருக்காது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் சேர்க்கிறார்கள். வைஃபை எழும்பாது என்று பயந்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் இருக்காது, பென் டிரைவில்தான் இருக்கும். வென்டாய் என்றொரு கருவி உண்டு. அதைப் பென் டிரைவில் ஒரு தடவை போட்டுவிட்டால் போதும். பிறகு ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புகளைச் சும்மா காப்பி செய்து போட்டுக்கொண்டே போகலாம், துவங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். உபுண்டுவையும், மின்டில் சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இரண்டு மேசைத்தள முகங்களையும் போட்டு, எதையும் நிறுவாமல் லைவ்வாக ஓட்டிப் பார்த்தேன். சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன, வைஃபையைத் தவிர. மூன்றிலும் அது இல்லை. சிப் அப்படி. உபுண்டுவின் மேசைத்தளம் என் 4 ஜிபிக்குக் கனமாகத் தெரிந்தது. சின்னமனில் இடது மூலையில் மெனு, கீழே பட்டை என்று பழகிய வீடு மாதிரியே இருந்ததால் அதையே எடுத்தேன். அந்த முடிவில் அதற்குமேல் தத்துவம் எதுவும் இல்லை.

நிறுவுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) அப்படியே படியெடுத்து மாற்றி, ராமை 8 ஜிபி ஆக்கினேன். இரண்டும் சேர்த்து ஐயாயிரத்துக்குப் பக்கம். இதைச் சொல்லியே ஆக வேண்டும். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பறக்கிறது என்று எழுதுகிறவர்களில் பலர் கூடவே எஸ்எஸ்டியும் போட்டிருப்பார்கள். என் லேப்டாப்பின் வேகத்தில் பாதிக்கு மேல் புகழ் அந்த எஸ்எஸ்டிக்குத்தான். மாற்றிய அன்றைக்கு விண்டோஸ் 10கூட அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது. அந்த ஒரு நாள், லினக்ஸ் தேவைதானா என்றுகூட யோசித்தேன்.

விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் மின்டை நிறுவினேன். நிறுவல் இருபது நிமிடம், அதன் பின்விளைவுகள் ஒரு வாரம். வைஃபை இல்லாததால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போட்டதும் இணையம் வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு வித்தையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, காட்டியது, போட்டேன். அங்கீகாரமில்லாத மென்பொருளைத் துவக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட்டுக்காக ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுபடி துவங்கும்போது ஒரு நீலத் திரை வந்து என்னமோ பதிவு செய்யச் சொல்ல, எதையாவது கெடுத்துவிட்டோமோ என்று பதறி 'தொடர்' என்பதை அமுக்கிவிட்டேன். வைஃபை வரவில்லை. அந்த நீலத் திரையில்தான் முன்பு கொடுத்த கடவுச்சொல்லை அடித்து, டிரைவரின் சாவியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது அடுத்த நாள்தான் புரிந்தது.

அப்புறம் கடிகாரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு விண்டோஸுக்குள் போனால், மணி நாலரை என்றது. வெளியே வெயில் கொளுத்துகிறது. விஷயம் இதுதான்: லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே எழுது என்று ஒரு வரியில் சொன்னதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, டி டிரைவ் லினக்ஸில் திறக்கும், ஆனால் எதையும் சேமிக்க விடாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டிருந்தால் அது முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிஸ்க்கில் கைவைக்க லினக்ஸ் பயப்படும். அதை அணைத்தேன், முடிந்தது.

என் பிழைப்புக்கு முக்கியம் தமிழ். நான் தமிழ்99 ஆள். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது; விரல்களுக்கு அதைத் தவிர வேறு தெரியாது. மின்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்ற பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சேர்த்தேன். 'அம்மா' என்று அடித்தால் முதல் 'ம' தானாகப் புள்ளி வாங்க வேண்டும், வாங்கவில்லை. அது வெறும் எழுத்து வரைபடம். முன்னால் என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் போட்டு, வெளியேறி உள்ளே வந்த பிறகுதான் அசல் தமிழ்99 கிடைத்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போயிற்று. மூன்று வருடத்தில் அது ஒரு தடவைகூடச் சதி செய்ததில்லை.

எழுத்துரு வேறு கதை. வாடிக்கையாளர்கள் லதாவிலோ நிர்மலாவிலோ அனுப்புவார்கள். இரண்டும் விண்டோஸோடு வருபவை. லினக்ஸில் அவற்றுக்குப் பதிலாக லோஹித்தோ நோட்டோவோ வந்து உட்காரும். படிக்கத் தடை இல்லை, ஆனால் அகலம் வேறு. நாற்பத்திரண்டு பக்கம் நாற்பத்தைந்தாகிவிடும். ஒருமுறை நிறைய அட்டவணை இருந்த கோப்பை லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் தொகுப்பில் திருத்தி அனுப்பினேன். வாங்கியவர் கூப்பிட்டு, "சார், கட்டமெல்லாம் ஓடிப்போச்சே" என்றார். அதிலிருந்து, வடிவமைப்பு சிக்கலான வேலை என்றால் அனுப்பும் முன் வேர்டில் ஒரு தடவை திறந்து பார்க்காமல் விடுவதில்லை. வெறும் உரை, பின்னூட்டம், திருத்தத் தடம் இவற்றில் பிரச்சினை வந்ததில்லை. மொழிபெயர்ப்புக்கு ஒமேகாடி என்ற கட்டற்ற மென்பொருள் விண்டோஸில் ஓடியது மாதிரியே இங்கும் ஓடுகிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை எடுத்து எழுத்துரு அடைவில் போட்டால் போதும்.

பிரிண்டர் விஷயத்தில் தோற்றேன். வீட்டில் இருந்தது ஒரு பழைய லேசர். பெயர் வேண்டாம். அதன் லினக்ஸ் டிரைவர் என்று கிடைத்ததைப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போயிற்று. ஒரு பக்கம் வரும், அடுத்த பக்கத்துக்கு மறுபடி இணைக்க வேண்டும். கடைசியில் அதை மைத்துனர் கடைக்குக் கொடுத்துவிட்டு, டிரைவரே தேவைப்படாத வைஃபை பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். ஆன் செய்ததும் மின்ட் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. ஏற்கெனவே பிரிண்டர், ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் லைவ் பென் டிரைவிலேயே அவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.

ஆறாவது மாதம் கொஞ்சம் துணிச்சல் வந்தது. இடம் காலி செய்கிறேன் என்று எங்கோ படித்த கட்டளையை வைத்து 'பழைய' பைத்தான் என்ற நிரல்மொழித் தொகுப்பை நீக்கினேன். நீங்கப் போகும் தொகுப்புகளின் பட்டியல் திரை திரையாக ஓடியது. அதைப் படித்திருந்தால் நின்றிருப்பேன். 'ஒய்' அடித்துவிட்டேன். பழையது என்று எதுவும் இல்லை, மேசைத்தளத்தில் பாதி அந்தப் பைத்தானின் மேல்தான் நிற்கிறது. மறுபடி துவங்கினால் கறுப்புத் திரையும் ஒரு துடிக்கும் கோடும். அன்றைக்குக் காப்பாற்றியது டைம்ஷிஃப்ட். சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது படியெடுத்து வைக்கும் கருவி, மின்டோடு வருவது; நிறுவிய முதல் நாள் அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லி வைத்திருந்தேன். லைவ் பென் டிரைவில் துவங்கி, மூன்று நாள் முந்தைய நிலைக்குத் திருப்பச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் பழைய மேசைத்தளம் வந்துவிட்டது. கவனிக்க: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும், வழக்கமான அமைப்பில் நம் சொந்தக் கோப்புகளைத் தொடாது. அதற்குத் தனியாக வெளி டிஸ்க் வேண்டும். எனக்குப் பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கே ஒரு கூட்டுக்குள் போய் அந்த வேலையைச் செய்கிறது.

மேம்படுத்தல்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மின்ட் பதிப்புகளுக்கு ஆங்கில அகர வரிசையில் பெண் பெயர் வைப்பார்கள்: வனேசா, வெரா, விக்டோரியா, வர்ஜீனியா. நாலு பேரும் சத்தமில்லாமல் வந்து போனார்கள், அப்டேட் மேனேஜரில் சில சொடுக்குகள்தான். 21இலிருந்து 22க்கு, அதாவது வில்மாவுக்கு, 2024 கடைசியில் மாறினேன். அது ஒரு மதியத்தைத் தின்றது. லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் மாறியதில் வைஃபை மறுபடி போய், மறுபடி டெதரிங், மறுபடி அந்த நீலத் திரை. இந்தத் தடவை பதறவில்லை. உண்மையில் நான் மாறியிருக்கவே வேண்டாம், 21க்கே 2027 வரை காலம் இருந்தது. ஆசை.

காணொளி சந்திப்பு, வங்கி வேலை எல்லாம் பிரவுசரில் நடந்துவிடுகிறது. பேட்டரி விண்டோஸைவிடச் சற்று சீக்கிரம் இறங்குவது போலத் தோன்றியது; டிஎல்பி என்ற சிறு மென்பொருளைப் போட்ட பிறகு வித்தியாசம் தெரியவில்லை. பத்து வயது பேட்டரியிடம் இதற்குமேல் நியாயம் கேட்க முடியாது.

யாருக்குச் சொல்லமாட்டேன் என்றால், டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கும். சுற்றி வளைத்து ஓட்ட வழி தேடலாம்தான், ஆனால் மாதக் கடைசியில் அந்தத் தலைவலி எதற்கு? என்னைப் போல எழுத்தும் பிரவுசருமாக இருப்பவர்கள் ஒரு பென் டிரைவ் செலவில் சோதித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் பகுதி இன்னும் இருக்கிறது. அட்டவணைக் கோப்புகளைச் சரிபார்க்க மட்டும் திறப்பேன். 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்ததால் அதில் இப்போது இணையத்தை இணைப்பதில்லை. அடுத்த தடவை இடம் குறையும்போது அதை அழித்துவிடுவேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன்.