மலையக இடிபாட்டு மாதிரிக்கு எது தோது: ரெஜிபோமா, பிளாஸ்டரா, காட்போட்டா?

கூரை போன லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலைச் சுவர், கல்லுக்கட்டு என்று 1:72 அளவில் (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) எதைச் செய்ய இறங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஈரத்தை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியா பக்கம் பசையும் லேசில் காயாது, அட்டையும் நேராக நிற்காது. கொழும்பில் சரிவரும் முறை இங்கே சறுக்குவது அதனால்தான்.

ரெஜிபோமை, அதாவது தெர்மக்கோலை, எடுத்துக்கொள்வோம். உணவுப் பெட்டிகளுக்கு 2017இல் தடை வந்தாலும், டீவி, குளிர்சாதனப் பெட்டி பொதிகளில் வரும் கட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஈரத்துக்கு அசையாது, எடையே இல்லை. 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் 2 சென்ரிமீற்றர் தடிப்பான பலகை 40 கிராமைத் தாண்டாது. அதே அளவு பிளாஸ்டர் காய்ந்த பிறகும் 2 கிலோவுக்குக் கிட்ட வரும். மலைச்சரிவுக்கு ரெஜிபோம் இருந்தால் வேறு வழி தேடத் தேவையில்லை.

சுவருக்கு மட்டும் அது ஆகாது. 30 சென்ரிமீற்றர் கருங்கல் 1:72இல் 4 மில்லிமீற்றர்தான். ரெஜிபோம் மணியும் ஏறக்குறைய அதே பருமன். என்ன பெயின்ட் பூசினாலும் உடைந்த விளிம்பில் கல் தெரியாது, மணிதான் தெரியும். ஸ்பிரே பெயின்டும் சுப்பர் குளூவும் அதை அரித்துவிடும். பைண்டர் கம்மும் (வெள்ளை மரப்பசை) அக்ரிலிக் பெயின்டும்தான் பாதுகாப்பு. இரண்டு பெரிய பலகைகளை ஒட்டும்போது கம்மை முழுப்பரப்பிலும் தடவினால் நடுவில் காற்றுப் படாமல் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இடைவெளி விட்டுக் கோடுகளாகத் தடவி, ஈர்க்கில் துண்டுகளைக் குத்தி இறுக்குங்கள்.

இடிந்த சுவருக்கு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்தான். பழைய 18 அங்குலக் கற்சுவர் இந்த அளவில் 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. 20க்கு 15 சென்ரிமீற்றர் தகடு ஒன்றுக்கு 200 கிராம் தூள், 130 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும். மாறிச் செய்தால் கட்டி கட்டும். சிமெந்துத் தரைக்குப் போடும் கறுப்புக் கலர் பவுடரில் கால் தேக்கரண்டி சேர்த்தால், பின்னால் எங்கே உடைந்தாலும் வெள்ளை பல்லிளிக்காது. பாத்திரத்தில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் கலவை சட்டென்று இறுகிவிடும், கழுவிவிட்டுத் தொடங்குங்கள். திறந்து வைத்த பழைய பைக்கற் ஈரத்தை இழுத்திருக்கும். ஒரு கரண்டி கலந்து சோதித்த பிறகே மொத்தத்தையும் கொட்டுங்கள்.

தகடு சவர்க்காரப் பதத்துக்கு வந்ததும் தடித்த ஊசியால் கல் வரிகளைக் கீறலாம். வரிசை ஒரே உயரமாக இருந்தால் தொழிற்சாலைச் சுவர், கோணல்மாணலாக இருந்தால் கல்லுக்கட்டு. நன்றாக இறுகிய பின் மேல் விளிம்பைக் கையால் ஒடியுங்கள். இந்த முறிவுதான் பிளாஸ்டரின் பெருமையே. கத்தியால் வெட்டி எந்தப் பொருளிலும் இதைக் கொண்டுவர முடியாது.

காய்ந்ததா என்பதைத் தராசு சொல்லும். ஊற்றியபோது இருந்த எடையில் ஏறக்குறைய 28% குறைந்திருக்க வேண்டும். தராசு இல்லையென்றால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அவசரப்பட்டு அடுப்படியில் வைத்தால் பிணைந்த நீரும் போய் மாவாக உதிரும். ஈரத்தோடு பெயின்ட் பூசினால் உரியும்.

எல்லாவற்றையும் பிளாஸ்டரில் வார்க்கலாமா? எல்ல நகருக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெந்தும் கொண்டு எழுப்பியது. சுமார் 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். 1:72இல் அது 126 சென்ரிமீற்றர் நீளம், 33 சென்ரிமீற்றர் உயரம். முழுக்க வார்த்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே ரெஜிபோம், வெளியே 3 மில்லிமீற்றர் பிளாஸ்டர் என்பதே கணக்கு. வழவழப்பான ரெஜிபோமில் பிளாஸ்டர் பிடிக்காது; கம்பித் தூரிகையால் சுரண்டி, பைண்டர் கம் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அப்ப வேண்டும்.

காட்போட் மலிவு, வெட்டவும் சுகம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கம் பூசினால் அந்தப் பக்கமாகச் சுருண்டுவிடும். இரு பக்கமும் பூசி, விளிம்புகளையும் வார்னிஷால் அடைத்தால் லயக் காம்பராவின் உட்சுவர் வரை தாங்கும். அட்டைப்பெட்டியின் நெளிவைத் தகரக் கூரையாக்குவது பலருக்கும் பிடித்த குறுக்குவழி, அளவில் அது பொய். 3 அங்குலத் தகர நெளிவு 1:72இல் ஒரு மில்லிமீற்றர்தான், பெட்டியின் நெளிவோ அதைப்போல பல மடங்கு. 1 மில்லிமீற்றர் தங்கூசியை (நைலோன் தூண்டில் நரம்பு) ஒரு பலகையில் நெருக்கிச் சுற்றி, அதன்மேல் இரட்டையாக மடித்த அலுமினியத் தாளை வைத்து விரலால் தேய்த்தால் சரியான நெளிவு கிடைக்கும். நாலைந்து இடத்தில் கிழித்துத் துருநிறம் கொடுத்தால் கைவிட்ட லயத்தின் கூரை.

தரைக்குத் தேயிலைச் சக்கை போட எல்லோருக்கும் ஆசை வரும். நிறம் அருமைதான், ஆனால் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும், சாயம் கசிந்து பிளாஸ்டரில் பழுப்புக் கறையும் விடும். சுவருக்கு முதலில் பெயின்டும் வார்னிஷும் பூசுங்கள். சக்கையை மொறுமொறுவென்று காயவிட்டு, சரிபாதி தண்ணீர் கலந்த பைண்டர் கம்மில் ஒட்டுங்கள். மழைக்காலத்தில் வேலை என்றால் சலித்த தென்னந்தும்புத் தூளே மேல்.