கரப்பான்பூச்சி ஜெல்: 14 மாத அனுபவமும் ஒரு மூடியும்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் நண்பன் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டான்: "டேய், போன வருஷம் கரப்பானுக்கு ஒரு ஜெல் வாங்கினியே, அது இப்ப ஆன்லைன்ல பாதி விலைக்குப் போகுது. வாங்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பித்து ஆறு நிமிடம் ஓடிவிட்டது. அதில் நான்கு நிமிடம் மூடியைத் திட்டியிருக்கிறேன். அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. திட்டப்போகிற பொருளின் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்? பார்ப்பதற்கு ஊசி கழற்றிய சிரிஞ்சு மாதிரி இருக்கும். பின்னால் அழுத்தினால் முன்னால் பழுப்புப் பசை வரும். இந்த ரகத்தை எல்லோரும் கடையில் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் இருப்பது பினாங்கில், பாயா தெருபோங் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியின் 11ஆவது மாடி. குப்பை போடும் குழாய் எங்கள் வாசலிலிருந்து மூன்று கதவு தள்ளி. இதைச் சொன்னாலே பாதிக் கதை புரிந்திருக்கும்.

மீதிக் கதை மைக்ரோவேவில் தொடங்கியது. ஒரு ராத்திரி பால் சூடாக்கப் போனபோது, நேரம் காட்டும் அந்தப் பச்சை எண்களுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. 12:40 என்று இருந்தது. நான்குக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு குட்டிக் கரப்பான் நிதானமாக நடந்துபோனது. கண்ணாடிக்கு உள்ளே. தட்டினால் நின்றது, பிறகு மறுபடி நடந்தது. ஒரு வாரத்தில் மைக்ரோவேவ் படுத்துவிட்டது. ஜெலுத்தோங்கில் ரிப்பேர் பார்க்கும் சீன அங்கிள் பின்பக்கத் திருகுகளைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சர்க்யூட் போர்டு மேல் மிளகு தூவினாற்போல் எச்சம், அதன் நடுவே காலி முட்டைக்கூடுகள். "லிபாஸ் புன்யா ரூமா லா" என்றார். கரப்பான் வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ரிப்பேர் பண்ணச் சொல்கிறாயே என்கிற தொனி. ரிப்பேருக்கு 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். வெட்கம் தனி.

அதுவரை நாங்கள் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். என் மாமியார் எங்களோடு இருக்கிறார். அவர் கையில் ஸ்ப்ரே டின் இல்லாத சாயங்காலமே கிடையாது. அலமாரிக்குள் பாச்சை உருண்டை போட்டோம். பாச்சை என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்களே என்ற நம்பிக்கை. துணிமணி எல்லாம் வாசம் அடித்ததே தவிர கரப்பானிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒருவர் விற்ற கரப்பான் சாக்பீஸை வாங்கி வாசல், ஜன்னல், சிங்க் என்று கோடு கோடாகக் கிழித்தோம். வீடு பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி ஆனதுதான் மிச்சம். ஒரு விஷயம்: மலேசியாவில் பூச்சிமருந்து எதுவானாலும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். அந்தச் சாக்பீஸ் டப்பாவில் அப்படி எதுவும் இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் தரையில் தீற்றியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்ப்ரே ஏன் வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நேரே பட்ட பூச்சி சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அது பட்ட இடத்தை மற்றவை ஒதுக்கிவிட்டு வேறு இடுக்கைத் தேடிப் போகும். சிங்க் அடியில் இருந்த கூட்டத்தை மைக்ரோவேவுக்குக் குடியேற்றியது நாங்களேதான். ராத்திரி சமையலறையில் விளக்குப் போட்டால் ஓடுகிற நாலைந்தை அடித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று படுத்தோம். இடுக்குக்குள் இருந்த நூற்றுக்கணக்கானவை வெளியே வரவே இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தது சின்ன ரகம். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். 1767இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அந்தப் பெயர் வைத்துவிட்டார், பாவம் ஜெர்மன்காரர்கள். 2024இல் மரபணுக்களை ஆராய்ந்து சொன்னது என்னவென்றால், இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியன்மார் பக்கம் இருந்த ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்ததாம். அதாவது வங்காள விரிகுடாவின் நம் கரைக்காரன். என் தாத்தாவும் அந்தக் கடல் தாண்டித்தான் பினாங்கு வந்தார். இதை மாமியாரிடம் சொன்னேன். "அதுக்காக சோறு போட முடியுமா மாப்பிள்ளை?" என்றார்.

சோறு போடுவதுதான் ஜெல்லின் தந்திரமே. அது விஷம் கலந்த சாப்பாடு. எங்களுடையதில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து 0.05 சதவீதம். தின்ற கரப்பான் உடனே சாகாது, கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் மற்றவை தின்னும். சின்னக் குஞ்சுகள் அதிகம் வெளியே வராமல் பெரியவற்றின் எச்சத்தையும் தின்னும். ஆகவே ஜெல்லைக் கண்ணால் பார்க்காத குஞ்சுக்கும் பங்கு போய்விடும். கேட்க அருவருப்பாக இருக்கும். 11ஆவது மாடியில் எனக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி இந்த அருவருப்புதான்.

ஒரு ராத்திரி குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல்கள், சிங்க் அடி, அடுப்பு மேடையின் விளிம்பு, ரைஸ் குக்கர் வைக்கும் இடத்தின் பின்சுவர் என்று 40 இடங்களில் வைத்தேன். அரிசி அளவுதான். பெரிய பொட்டாகப் பத்து வைப்பதைவிடச் சின்னப் பொட்டாக நாற்பது வைப்பது மேல். கரப்பான் தன் இடுக்கிலிருந்து அதிக தூரம் போகாது, நாம்தான் வாசலில் பரிமாற வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீல் இடுக்கிலிருந்து முதலில் இரண்டு மீசை வந்தது, பிறகு தலை. ஜெல்லைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பிறகு பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி நகரவே இல்லை. அதன் பின்னால் இன்னும் மூன்று வரிசையில் நின்றன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சமையலறையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதில்லை.

மூன்றாம் நாளிலிருந்து பிணம் விழ ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் இரவில் விளக்குப் போட்டால் ஒன்றிரண்டுதான். நாலாவது வாரம் திடீரென்று எறும்பளவு குஞ்சுகள். பயந்துவிடக் கூடாது. பெண் கரப்பான் முட்டைக்கூட்டைப் பொரியும் தறுவாய் வரை வயிற்றோடு சுமந்து திரியும், ஒரு கூட்டில் 30, 40 முட்டை. கூட்டுக்குள் இருப்பதற்கு ஜெல் எட்டாது. பொரிந்து வந்ததும் அதற்கும் இலை போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது சுற்று வைத்தேன். மூன்றாம் மாதம் சமையலறை சுத்தம். இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

சரி, இப்போது மூடி.

சுண்டுவிரல் நகத்தளவு ஒரு கறுப்பு மூடி. உருண்டை வடிவம். கீழே விழுந்தால் விழுந்த இடத்தில் நிற்காது, உருளும். இதைச் செய்தவர் ஒருநாளாவது ராத்திரி பதினொரு மணிக்கு வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து இந்தக் குழாயைத் திறந்திருப்பாரா? முதல் மூடி முதல் ராத்திரியே அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. அடுப்பை நகர்த்திப் பார்த்தால் மூடியைத் தவிர எல்லாம் இருந்தது. இரண்டாவது குழாயின் மூடி உருண்டு, தரையில் தண்ணீர் வடியும் ஃபுளோர் டிராப் ஓட்டைக்குள் என் கண் முன்னாலேயே குதித்தது. மூன்றாவதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டேன், சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது.

மூடி இல்லாவிட்டால் என்ன என்பீர்கள். முனையில் ஜெல் காய்ந்து கல்லாகிவிடும். அடுத்த முறை அழுத்தினால் வராது. இன்னும் அழுத்தினால் வராது. பல்லைக் கடித்து அழுத்தினால் அடைப்பு தெறித்துப் பாதிக் குழாய் ஒரே மூச்சில் அலமாரிக் கதவில் வந்து அப்பும். 28 வெள்ளிப் பெட்டியில் நாலு குழாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செலோடேப் ஒட்டிப் பார்த்தேன், ஜெல் கசிந்து டேப் வழுக்கியது. பிளாஸ்டிக் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன், இரண்டு நாள் தாங்கியது. கடைசியில் ஒரு சின்ன ஆணியை முனையில் செருகி வைத்தேன். துரு பிடித்தாலும் அதுதான் வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் பம்பில்கூட மூடியை ஒரு வாரால் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறான். விஷத்தை அடைத்து விற்பவனுக்கு அந்த யோசனை வரவில்லை. கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. மூடி தனியாகக் கிடைக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மூடியோடு ஒப்பிட்டால் ஜெல்லின் மற்ற குறைகள் ஒன்றுமே இல்லை. காய்ந்த பொட்டும் கரப்பான் எச்சமும் ஏறக்குறைய ஒரே நிறம், மாமியார் துடைத்துத் தள்ளிவிடுவார். ஒருமுறை ஜெல் பொட்டின் மேலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டார். "ரெண்டும் மருந்துதானே, சேர்ந்தா சீக்கிரம் சாகாதா?" சாகாது அத்தை, ஸ்ப்ரே வாடை பட்டால் அது ஜெல்லைத் தொடவே தொடாது. இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. டின்னை ஒளித்து வைத்தது இன்னும் அவருக்குத் தெரியாது. அப்புறம், விஷம் ஏறிய கரப்பானுக்கு இரவு பகல் தெரியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்விட்டு உறவுக்காரர்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் நட்ட நடுவில் ஒன்று வந்து மல்லாந்து காலை ஆட்டியது. கோலாலம்பூர் சின்னம்மா தோசையைப் பாதியில் வைத்துவிட்டார். "மருந்து வேலை செய்யுது" என்று நான் பெருமையாகச் சொன்னதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

எட்டாவது மாதம் எங்கிருந்தோ மறுபடி சில வந்தன, இந்த முறை ஜெல்லைச் சட்டை செய்யவில்லை. இது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. இரைமருந்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் குளுக்கோஸே சில கரப்பான் கூட்டங்களுக்குக் கசப்பாகத் தெரியும்படி மாறிவிட்டதை 2013இல் விஞ்ஞானிகள் விளக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரே ஜெல்லையே பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. இண்டாக்சாகார்ப் என்ற வேறு மருந்து இருக்கும் ஜெல்லுக்கு மாறினேன். ஒரு வாரத்தில் முடிந்தது. அதன் மூடி சதுரம், உருளவில்லை. ஆனால் விலை இரண்டு பங்கு.

ஜெல் தொடாத ஒரு ஆசாமி உண்டு. செம்பழுப்பு நிறம், நாலு சென்டிமீட்டர், புழுக்கமான ராத்திரியில் முகத்தை நோக்கிப் பறந்து வருவாரே, அவர்தான். பெயர் அமெரிக்கக் கரப்பான், பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்தப் பூச்சிகளின் பாஸ்போர்ட் எதையும் நம்ப முடியாது. இவர் குடியிருப்பது நம் வீட்டில் அல்ல, சாக்கடையிலும் குப்பைக் குழாயிலும். கொசுவுக்கு ஃபோகிங் அடித்த மறுநாள் கூட்டமாக மேலே ஏறி வருவார். குப்பைக் குழாய் பொதுச் சொத்து, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மாதாமாதம் மேனேஜ்மெண்டுக்குப் பணம் கட்டுகிறோம். புகார் எழுதிக் கொடுத்தேன். வந்தார்கள், ஸ்ப்ரே அடித்தார்கள், அங்கிருந்தவை எல்லாம் எங்கள் மாடிக்கு வந்தன. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி செருப்போடு வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாசல் கதவின் கீழே ரப்பர் பட்டை, ஃபுளோர் டிராப்புக்கு மெல்லிய வலை, புழங்காத ஓட்டையில் வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர். இவருக்கு இவ்வளவுதான் மருந்து.

ஆக, நண்பா, உன் கேள்விக்குப் பதில். சமையலறையில் இப்போது ஒரு கரப்பான் இல்லை. மைக்ரோவேவ் 14 மாதமாக ஓடுகிறது, எண்களுக்குப் பின்னால் யாரும் நடப்பதில்லை. ஸ்ப்ரேக்கு ஆன செலவு மிச்சம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். காலையில் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். இதை எழுதுவதற்கு முன், ஆணி எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கடைசிக் குழாயை எடுத்து லேசாகத்தான் அழுத்தினேன். சட்டை போயிற்று.

பாதி விலைக்கும் வாங்காதே. அடுத்த வாரம் மச்சான் கோலாலம்பூர் வருகிறான், என்னிடம் மிச்சம் இருப்பதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஒரு சமையலறைக்குத் தாராளமாகப் போதும். ஆணியைப் பிடுங்கும்போது முனையை உன் பக்கம் திருப்பிப் பிடிக்காதே.