விரிசல் நிரபராதி: பேட் பழுது பார்க்கக் கொடுத்த கதை

மூன்றாவது சீசனில் என் கிரிக்கெட் பேட்டில் ஸ்ட்ரோக், அதாவது பந்தைத் திருப்பித் தள்ளும் வேகம், போய்விட்டது. கவர் பக்கம் தள்ளிவிட்டாலே எல்லைக்கோட்டுக்கு ஓடிய பந்து பாதி வழியில் சோர்ந்து நிற்க ஆரம்பித்தது. நன்றாக மிடில் ஆனது, பேட்டின் சரியான இடத்தில் பட்டது என்று நினைத்த ஷாட்டுக்கும் கை விண்ணென்று அதிர்ந்தது. அணியில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருவன் பேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, முகத்தில் (பந்தை அடிக்கும் பக்கம்) டோவிலிருந்து (அடிமுனை) நாலு விரல் நீளத்துக்கு மேலே ஓடும் விரிசலைக் காட்டி, "செத்துப்போச்சுடா, தூக்கிப் போடு" என்றான். நானும் நம்பினேன், கண்ணுக்குத் தெரிந்த குறை அது ஒன்றுதானே.

முதலில் கொடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். பத்து வினாடி பார்த்தார்கள். முன்னும் பின்னும் எண்ணெய் தேய்த்து, விரிசல் இருந்த இடத்தில் ஃபைபர் டேப்பை மூன்று சுற்று சுற்றி, பிடிக்கு இன்னொரு கிரிப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். முகத்தில் பாதுகாப்புக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும் பேட்டுக்கு அதன் மேலேயே எண்ணெய் தடவுவது ரெயின்கோட் போட்டுக்கொண்டு குளிப்பது மாதிரி என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்த பேட் முன்பைவிட மோசம்.

அப்புறம்தான் பேட் வேலை மட்டுமே செய்யும் ஒருவரைப் பிடித்தேன். பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார். சரி, அவர் செய்ததையாவது எழுதி வைக்கிறேன்.

பேட்டை நீட்டினேன், வாங்கவில்லை. "எந்தப் பந்துல ஆடறீங்க தம்பி? அதைக் காட்டுங்க" என்றார். கிட்பேக்கில் கிடந்த பயிற்சிப் பந்தை எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "இதை வெச்சு எந்த பேட்டையும் குறை சொல்லலாம்" என்று திருப்பித் தந்தார். தையல் படிந்து, தோல் பஞ்சாகிப் போன பந்து அது. புதிதில் துள்ளியதுபோல் இது துள்ளாது என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை என் பேட்டோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

அடுத்து தராசு. வாங்கும்போது 1165 கிராம் என்று போனில் குறித்து வைத்திருந்தேன், அது உதவியது. இப்போது 1235. மேலே ஏற்றியிருந்த கிரிப்பைக் கழற்றி தனியாக வைத்தார், 50 கிராம். மிச்சம் 20 கிராம் டேப்பும், குடித்த எண்ணெயும் ஈரமும். ஒரு கிரிப்பின் எடையைப் போய் யார் கணக்குப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தனியாக அது தராசில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஷீட்டை மர நரம்பின் போக்கிலேயே மெதுவாக உரித்தார். விரிசல் நன்றாகத் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் விரிசலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மாற்றி மாற்றி அழுத்தினார். அசையவில்லை. நகத்தை விரிசலில் ஓட்டினார், நகம் உள்ளே இறங்கவில்லை. "இது ஒண்ணும் பண்ணல" என்று முடித்துவிட்டார். பேட் செய்யும் வில்லோ மென்மையான மரம். செய்யும்போதே உருளையில் அழுத்தி முகத்தை இறுக்குவார்கள், வாங்கிய பின் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நாமும் இறுக்குகிறோம். அப்படி இறுகிய மேல்தோல் ஆடஆட மர நரம்பின் வாக்கில் வெடிப்பது சகஜம். நரம்புக்குக் குறுக்காக ஓடும் விரிசல், அதிலும் பிடி இறங்கும் தோள்பட்டைப் பக்கம் ஓடுவது, அதுதான் பயப்பட வேண்டியது என்றார். இத்தனை மாதம் நான் திட்டிய விரிசல் நிரபராதி.

அப்புறம் தட்ட ஆரம்பித்தார். இந்த இடத்தைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சின்ன மரச்சுத்தியல், ரேடியோவை அணைக்கச் சொன்னார், தோளிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டு, வலது ஓரம், நடு, இடது ஓரம் என்று வரிசையாகக் கீழே வந்தார். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். மேலே முழுக்க "டக், டக்" என்று சுத்தமான சத்தம். டோவுக்கு மூன்று விரல் மேலே, இடது பக்கம் வந்ததும் "சொத்". மறுபடி தட்டினார், சொத். வலது பக்கம் டக். நான் தட்டிப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரிந்தது, இத்தனைக்கும் எனக்குக் காது அவ்வளவு நல்லதில்லை. அந்த இடத்தில் நகத்தை அழுத்தினால் தழும்பு விழுந்தது, மற்ற இடத்தில் விழவில்லை. இறுகிய மேல்தோல் உள்மரத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் பொள்ளலாகிவிட்டதாம். பந்து பட்டால் மரம் திருப்பித் தள்ளுவதற்குப் பதிலாக அமுங்கி விழுங்கிக்கொள்கிறது.

காரணம் நான்தான். பந்துக்குக் காத்திருக்கும்போது டோவைத் தரையில் குத்திக்கொண்டே நிற்பேன், தரை ஈரமாக இருந்தாலும். டோ என்பது மரத்தின் வெட்டுமுகம், நரம்புகளின் வாயெல்லாம் அங்கேதான் திறந்திருக்கும், தண்ணீரை உறிஞ்ச அதைவிட நல்ல வழி கிடையாது. ஊறி உப்பியிருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் டோ பக்கம் அகலம் 10.9 செ.மீ. விதிப்படி 10.8 தாண்டக் கூடாது. அளவுச்சட்டம் வைத்துச் சோதிக்கிற நடுவர் யாரும் இன்னும் என் ஆட்டத்துக்கு வந்ததில்லை என்பது அதிர்ஷ்டம். முகத்தில் சுற்றியிருந்த மூன்று சுற்று டேப்பும் ஷீட்டும் சேர்ந்தாலே வம்புதான், முகத்தில் ஒட்டுவது 1 மி.மீ. தடிமனுக்குமேல் போகக் கூடாது.

இதோடு விடுவார் என்று பார்த்தால், முகத்தில் இருந்த சிவப்புத் தடங்களைக் காட்டினார். "உங்க மிடில் இங்க" என்று டோவிலிருந்து ஒரு சாண் மேலே விரல் வைத்தார். "நீங்க அடிக்கிறது அங்க." தடங்களில் பாதிக்கு மேல் கீழே, பொள்ளல் இருக்கும் இடத்தைச் சுற்றியே. பதில் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியாகப் பிடி. பேட்டின் அடியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை மெல்லத் திருகினார். "கிரீச்". அந்தச் சத்தத்தை நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கையுறை கிரிப்பில் உரசுகிறது என்று விட்டுவிட்டேன். அடிக் கிரிப்பையும் கழற்றினால், பிடியில் சுற்றிய நூல் கீழ்ப்பக்கம் தளர்ந்திருந்தது. பிரம்புப் பிடி ஆப்பு மாதிரி பேட்டுக்குள் இறங்குகிறதே, அந்த வி வடிவப் பொருத்தில் முடி போல ஒரு கோடு. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதில் செருகினார், அரை அங்குலம் உள்ளே போனது. பசை விட்டிருக்கிறது. முதலில் கொடுத்த இடத்தில் அள்ளி ஊற்றிய எண்ணெய் இந்தப் பொருத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறது, எண்ணெய் பசைக்குப் பகை, அங்கே மட்டும் தடவவே கூடாது என்றார். கை அதிர்வது இதனால்தானாம். "கை அதிர்ந்தா பந்து போகாத மாதிரியே இருக்கும், போயிருந்தாலும்."

ஆக ஒரு நோய் இல்லை, நாலு: செத்த பந்து, கூடிப்போன எடை, பொள்ளல் விழுந்த டோ, ஆடும் பிடி. ஐந்தாவது நான்.

வேலை சுத்தம். பொருத்தைத் திறந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, நூலை முழுக்கப் புதிதாகச் சுற்றியிருந்தார். டோவை நிழலில் காயவிட்டு, பசை இறக்கி, இழைத்து, அடியில் டோவைக் காக்கும் ரப்பர் கார்டு ஒட்டியிருந்தார். எடை 1170. டோ பழைய மாதிரி வராது, மெதுவாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இதுவரை நாலு நெட்ஸ், இரண்டு மேட்ச். கை அதிர்வு போயே போய்விட்டது. நடுவில் பட்டால் பந்து பழையபடி ஓடுகிறது. கீழே பட்டால் இன்னும் "சொத்"தான். வீட்டில் பேட்டைப் படுக்க வைத்து, புதுப் பந்தை ஒரே உயரத்திலிருந்து நடுவிலும் டோவிலும் போட்டுப் பார்த்தேன், டோ பக்கம் தெளிவாகக் குறைவாகவே எழும்புகிறது.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்றார், 16 நாள் ஆனது, நடுவில் போன் பண்ணினால் எடுப்பதே இல்லை. அதைவிடக் கடுப்பு, இழைக்கும்போது என்னைக் கேட்காமல் முகத்து ஸ்டிக்கர், பின்பக்க ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சேர்த்து உரித்துவிட்டார். "ஸ்டிக்கரா பந்து அடிக்குது?" என்று ஒரு கேள்வி வேறு. போன மேட்சில் எதிரணி கீப்பர் என் மொட்டை பேட்டைப் பார்த்து இது நீங்களே செதுக்கினதா என்று கேட்டார். அதற்காக ஐந்தில் ஒரு ஸ்டாரைக் குறைக்கிறேன்.

இரண்டாவது பேட்டையும் நேற்று கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டிக்கரைத் தொடாதீர்கள் என்று அதன் முகத்திலேயே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.