ஆய்வேட்டுக்கு எத்தனை மேற்கோள்? 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' மென்பொருள் எவ்வளவு உதவும்

ஒரு துறையின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்டிருக்கிறார்களா என்று பார்க்கப் புகுந்தால், முதல் சிக்கல் தரவுதான். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று பதியும் தரவுத்தளங்களான ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸின் மையத் தொகுப்பும் ஆய்வேடுகளைப் பதிவு செய்வதில்லை. 2023இல் வெப் ஆஃப் சயின்ஸ் தளத்தில் ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் ஆய்வேட்டு மேற்கோள் அட்டவணை வந்தது, ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். காசில்லாமல் கிடைப்பது கூகுளின் ஆய்வு நூல், கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலர். அதன் முடிவுகளை அட்டவணையாக்கித் தருவது பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் 2006 முதல் வழங்கிவரும் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்'. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், இலவசம்.

மென்பொருளில் கூகுள் ஸ்காலர் தேடலைத் திறந்து, தலைப்புக்கான கட்டத்தில் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து ஐந்தாறு சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ஆசிரியர் கட்டத்தைக் காலியாக விடுவது நல்லது. நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், வெளிநாட்டு இதழில் அப்பா பெயராக விரியும். மூன்றும் மூன்று ஆட்களாகிவிடும். முழுத் தலைப்பையும் இட்டாலும் வம்புதான், மேற்கோள் காட்டியவர் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அந்தப் பதிவு சிக்காது.

மேற்கோள் பதிவுகளைச் சேர்க்கும் தெரிவை நீக்கிவிடாதீர்கள். மூலக் கோப்பு கிடைக்காமல், பிறர் நூற்பட்டியலிலிருந்து மட்டும் ஸ்காலர் திரட்டிய பதிவுகள் இவை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஒரே ஆய்வேடு முகப்பு, சான்றிதழ், இயல்கள் எனத் தனித்தனி பிடிஎஃப்பாகக் கிடப்பதால், நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல இந்த வடிவில்தான் தலைகாட்டும். ஒரே ஆய்வேடு மூன்று வரிகளாக வந்தால், ஒன்றை இழுத்து மற்றொன்றின்மேல் போட்டால் எண்ணிக்கை கூடிவிடும். தொடர்பில்லாத வரிகளின் பெட்டிக்குறியை எடுத்துவிட வேண்டும். இந்தத் துப்புரவு வேலையில்தான் இந்த மென்பொருளின் அருமை தெரியும். ஸ்காலரின் தேடல் பக்கத்தில் இதற்கு வழியே இல்லை.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரியின்மேல் வலது சொடுக்கி, மேற்கோள் காட்டிய படைப்புகளை வரவழைத்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று பாருங்கள். ஆய்வாளரே தம் கட்டுரையில் காட்டியது, நெறியாளர் காட்டியது, அதே நெறியாளரின் அடுத்த மாணவர் காட்டியது என்று பிரித்தால், பன்னிரண்டு என்று நின்ற எண் நான்காகச் சுருங்கக்கூடும். மேற்கோள் அளவீட்டு ஆய்வாளர்களான கைவான் கூஷாவும் மைக் தெல்வாலும் 2013 முதல் 2017 வரையிலான 77,884 அமெரிக்க ஆய்வேடுகளை ஆராய்ந்தபோது, ஸ்காலரில் ஒரு மேற்கோளாவது பெற்றவை ஐந்தில் ஒரு பங்குதான். அந்த மேற்கோள்களிலும் கணிசமானவை மற்ற ஆய்வேடுகளிலிருந்து வந்தவை. ஆகவே சுழியம் கண்டு துறைத்தலைவர் பதறத் தேவையில்லை. இரண்டு ஆண்டு ஆகாத ஆய்வேட்டுக்கு மெண்டலி என்னும் நூற்பட்டியல் செயலியில் அதைச் சேமித்த வாசகர் எண்ணிக்கையே கூடுதல் பயன் தரும் என்பதும் அவர்கள் கண்டது.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இந்தக் கருவி பாதிக்கிணறுதான். தலைப்பைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியே தேட வேண்டும். ஆய்வேடு வேறு தலைப்பில் நூலாக அச்சாகியிருந்தால் மேற்கோள் முழுக்க அந்த நூலுக்குப் போயிருக்கும். அதையும் தேடி, கூட்டாமல் அட்டவணையில் தனி நெடுவரிசையில் குறியுங்கள். அறிவியல் துறைகளில் இதே கதை இதழ்க் கட்டுரைகளால் நடக்கிறது. ஆய்வேட்டைத் துணைநூற்பட்டியலில் 'அச்சிடப்படாத ஆய்வேடு' என்று காட்டி, இணையத்தில் ஏறாமல் அச்சில் மட்டும் வந்த நூல்களின் மேற்கோள்கள் எந்தத் தேடலிலும் அகப்படாது.

குறைகளும் உண்டு. அடுத்தடுத்துத் தேடினால் ஸ்காலர் 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் கேப்சா கேட்கும், பிறகு சில மணி நேரம் கதவடைக்கும். மென்பொருள் தானாகவே வேகத்தைக் குறைத்தாலும் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது. ஐம்பது ஆய்வேடு என்றால் நாலைந்து நாளுக்குப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, தேடிய தேதியைக் கோப்புப் பெயரிலேயே போட்டுவிடுங்கள். அடுத்த மாதம் எண் மாறியிருக்கும். பக்கவாட்டில் பளிச்சென்று காட்டும் எச் குறியீடு, ஜி குறியீடு போன்ற, ஒருவரின் பல படைப்புகளையும் சேர்த்து அளக்கும் எண்கள் எல்லாம் ஒற்றை ஆய்வேட்டுக்குப் பொருளற்றவை. அறிக்கையில் வெளியார் மேற்கோள் ஒன்றாவது பெற்றவற்றின் விழுக்காட்டையும் இடைநிலை எண்ணையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கொடுத்தால் போதும். சராசரி போட்டால் ஒரே ஒரு பிரபல ஆய்வேடு மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும்.