மார்த்தாண்டம் தேன்கடை டிவிக்கு ராஸ்பெர்ரி பை 4

மார்த்தாண்டத்தில் அக்கா நடத்தும் தேன்கடையில், ரப்பர் தோட்டத்துத் தேன்பெட்டிகளைக் காட்டும் வீடியோ நாள் முழுக்க ஓடுகிறது. அதை ஓட்டுவது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர். எனக்கு முழுத் திருப்தி.

காரணம் அதன் டிகோடர், அதாவது சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் பகுதி. எச்.264 என்ற பழைய சுருக்கு முறைக் கோப்பை 1080பி அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை, எச்இவிசி என்ற புதிய முறை என்றால் 4கே-யிலும் 60 வரை, சிப்பில் இதற்கென்றே உள்ள பகுதி பிரித்துவிடும். பிரித்த ஃபிரேம் டிஎம்ஏ-பஃப் (பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) வழியாக அப்படியே டிஸ்ப்ளே பகுதிக்குப் போகிறது. நடுவில் நகலெடுக்கும் வேலையே இல்லை. டெஸ்க்டாப் கூட வேண்டாம், கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர், லினக்ஸில் திரையைக் கையாளும் டிஆர்எம் என்ற பகுதி மூலம் நேரே திரைக்கு அனுப்பும். சிபியு-வுக்கு அதிக வேலை இல்லாததால் விசிறி வைக்காமல் ஹீட்சிங்க் மட்டும் ஒட்டியிருக்கிறேன். கூட்டு வாசலில் தேனீக்கள் மொய்ப்பது கொஞ்சமும் வெட்டாமல் ஓடுகிறது, பார்க்கவே அழகு!

2023-இல் வந்த பை 5 வேகமானதுதான். ஆனால் அதில் எச்.264-க்கு ஹார்டுவேர் டிகோடர் இல்லை, அந்தச் சுமை சிபியு-வுக்குப் போகும். கடைக்காரர்கள் கையில் இருக்கும் பழைய வீடியோக்கள் பெரும்பாலும் எச்.264 தானே, அதனால் என் சிபாரிசு பை 4.

அப்புறம், 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் பவர் ஒயர் பக்கத்தில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐ-யில்தான் செருக வேண்டும்.