54 எல்இடி பார் லைட்: சின்ன இசைக்குழுவுக்குச் சரிவருமா?

மேடைக்கு நிற வெளிச்சம் கொடுக்கும் 54 எல்இடி பார் (PAR) லைட்டின் விலை இணையக் கடைகளில் மறுபடியும் இறங்கியிருக்கிறது. மலேசியாவில், தைப்பிங்கில் புதிதாக இசைக்குழு ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே லைட்தான். நாலு வாங்கிப் போட்டுடவா?” என்று கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில வருடங்களாக இந்த நான்கு விளக்குகளோடுதான் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். அவற்றின் மேல் நன்றியும் இருக்கிறது, தீராத கோபமும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது சின்னக் குழு. கீபோர்ட், பேஸ் கிட்டார், தபலா, ரிதம் பேட், பாடுவதற்கு இரண்டு பேர். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்டும் விருந்து, பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்தில் கல்யாண வரவேற்பு, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கூடாரம் போட்டு நடக்கும் பிறந்தநாள் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போவோம். மேடை என்று தனியாக எதுவும் பல இடங்களில் இருக்காது. சிமெண்டுத் திண்ணை, மேலே தகரக் கூரை, சுவரில் ஒன்றிரண்டு 13 ஆம்பியர் சாக்கெட். அதே லைனில் பந்தலின் மின்விசிறியும் ஓடும், கோயில் சீரியல் பல்பும் எரியும்.

இப்படிப்பட்ட இடத்தில் இந்த விளக்குகள் எங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. முன்பு வாடகைக்கு எடுத்த பார் 64 கேன் என்ற பழைய வகை மேடை விளக்கு ஒவ்வொன்றிலும் 1000 வாட் பல்பு இருக்கும். 240 வோல்ட்டில் அது 4 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். மூன்றைச் செருகினாலே ஒரு சாக்கெட் நிரம்பிவிடும். அப்புறம் ஆம்ப்ளிஃபயரை எங்கே செருகுவது? புது விளக்கின் அட்டையில் 54 எல்இடி, தலா 3 வாட் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 162 வருகிறது. வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லா நிறத்தையும் முழுதாக எரியவிட்டும் அதில் பாதிகூட வரவில்லை. வாங்குகிறவரை ஏமாற்றும் கணக்குதான். இருந்தாலும் சின்ன மண்டபத்துக்கு அந்த வெளிச்சம் போதும். நான்கும் சேர்ந்து ஒரு சோற்றுக் குக்கர் இழுப்பதைவிடக் குறைவாகவே இழுக்கின்றன. ஜெனரேட்டரில் நடந்த திருவிழாக்களில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. பழைய கேன் போட்டால் பாடகர் கழுத்தில் வியர்வை வழியும், பக்கத்தில் துணி பட்டால் கருகும். அந்தப் பயமெல்லாம் போய்விட்டது.

ஒரு விளக்கு 100 வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவு. இந்த விலைக்குள், கேபிள் வழியாக விளக்கைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் இணைப்பும் இருந்தது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம். 1986-இல் அமெரிக்காவில் வகுத்த டிஎம்எக்ஸ்512 என்ற முறைதான் இன்றும் பெரிய பெரிய கச்சேரி விளக்குகளை இயக்குகிறது. பெயர் தெரியாத இந்த மலிவு விளக்கும் அதே கட்டளைக்கு எழுந்து நிற்கிறது. ஒரு கேபிளில் 512 சேனல், அதாவது 512 தனித்தனிக் கட்டளைகள் போகும். எங்கள் விளக்கு ஒன்றுக்கு 8 சேனல். முகவரியை 1, 9, 17, 25 என்று வைத்தால் நான்கையும் தனித்தனியாக ஆட்டலாம். நான்குக்கும் ஒரே முகவரி கொடுத்தால் ஒன்றாக ஆடும். கோயில் திடலில் நீளமாகக் கேபிள் இழுத்தபோது விளக்குகள் காரணமில்லாமல் துடித்தன. கடைசி விளக்கின் அவுட்டில், 2ஆம் 3ஆம் பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு பிளக்கைச் செருகியதும் அடங்கிவிட்டன. சில்லறைக் காசில் முடிகிற வேலை. புதிதாக வாங்குகிற எல்லோரும் முதலிலேயே ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம். மைக் கேபிளையே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அது இந்த சிக்னலுக்காகச் செய்த கேபிள் கிடையாது.

சத்தத்துக்கு ஏற்ப மாறும் சவுண்ட் மோடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறுமி மேளம் வருகிற இடத்தில் அதைப் போடவே போடாதீர்கள். கண் வலிக்கும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

இந்த விளக்குக்கு மனித முகத்தைக் காட்டத் தெரியவில்லை. பின்னால் இருக்கும் சுவரை நீலமாக்கும், புகையை ஊதாவாக்கும், கூரையில் பச்சை வட்டம் போடும். எல்லாம் அழகுதான். முன்னால் நின்று பாடுகிற ஆளின் மேல் திருப்பினால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. எங்கள் குழுவில் பாடும் அக்கா ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, நான் என்ன காய்ச்சல்ல கிடந்து எழுந்தவ மாதிரியா இருக்கேன்?” அன்று அவர் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. வீடியோவில் அது பழுப்பும் ஊதாவுமாகத் தெரிந்தது. கழுத்துச் சங்கிலியில் தங்கத்தின் நிறமே இல்லை. அத்தனை நேரம் நின்று அருமையாகப் பாடிய ஒருவரை நம் விளக்கு இப்படிக் காட்டிவிட்டதே என்று எனக்கு ஆறவே இல்லை.

காரணம் உள்ளே இருக்கும் எல்இடிகளின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. எங்கள் விளக்கில் சிவப்பு 12, பச்சை 18, நீலம் 18, வெள்ளை 6. சிவப்பு எல்இடியின் ஒளி சுமார் 625 நானோமீட்டர் அலைநீளத்தில் குவியும். பச்சை சுமார் 525, நீலம் 460 பக்கம். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, 560 முதல் 600 வரை ஒரு பெரிய பள்ளம். மஞ்சளும் அம்பரும் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) இருக்க வேண்டிய இடம் அது. மூன்றையும் சேர்த்து எரியவிட்டால் வெள்ளைச் சுவர் வெள்ளையாகத்தான் தெரியும், கண் நம்பிவிடும். ஆனால் தோல், பட்டு, தங்கம், மஞ்சள், சந்தனம் எல்லாம் அந்தப் பள்ளத்தில் விழும் ஒளியையும் வாங்கித் திருப்பிக் கொடுத்துத்தான் தங்கள் நிறத்தைக் காட்டுகின்றன. வராத ஒளியை எப்படித் திருப்பிக் கொடுக்கும்? நம் ஆட்கள் மாநிறமும் கறுப்பும். அந்தத் தோல் நீலத்தை மிகக் கொஞ்சமாகவே திருப்பி அனுப்பும். சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒளி பட்டால்தான் அதன் மினுமினுப்பு எழுந்து வரும். அந்தப் பழைய பார் கேன் மின்சாரத்தைக் குடித்தாலும், 3200 கெல்வின் என்ற மஞ்சள் சாயல் ஒளியில் ஒரு நிறத்தையும் விடாமல் கொடுத்தது. அதன் கீழே நின்ற எல்லோரும் அவரவர் நிறத்தில் களையாக இருந்தார்கள்.

ஆறு வெள்ளை எல்இடி இருக்கிறதே என்று கேட்கலாம். அவை குளிர்ந்த வெள்ளை, நீலம் தூக்கலானவை. அவற்றை மட்டும் எரியவிட்டால் வெளிச்சமும் போதாது, முகமும் வெளிறும். சிவப்பை முழுதாகவும், பச்சையைப் பாதிக்குக் கீழேயும், நீலத்தை ஒரு துளியும் வைத்துக் கலந்து பார்த்தேன். ஆரஞ்சு மாதிரி ஒன்று வந்தது. சுவரில் நன்றாக இருந்தது, முகத்தில் தக்காளிச் சிவப்பாக இறங்கியது. அம்பர் நிறக் கண்ணாடித்தாள் வாங்கி முன்னால் ஒட்டினேன். தாள் இருக்கிற ஒளியைத் தடுக்குமே தவிர, இல்லாத ஒளியை எங்கிருந்து கொண்டுவரும்? வெளிச்சம்தான் குறைந்தது.

இன்னொன்று: எல்இடிகள் தனித்தனியாக இருப்பதால் நிழலும் தனித்தனியாக விழுகிறது. மைக்கின் நிழல் பாடகர் கன்னத்தில் சிவப்பு ஓரம், பச்சை ஓரம், நீல ஓரம் என்று பிரிந்து நிற்கும். ஸ்டாண்டைப் பின்னால் தள்ளினால் ஓரளவு குறையும். தோட்டத்து மண்டபத்தில் பின்னால் தள்ள இடம் ஏது?

வீடியோவில் ஓடும் கறுப்புப் பட்டைகளும் ஒரு தொல்லை. இன்று விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிடுவதே அந்த வீடியோவைப் பார்த்துத்தான். இந்த விளக்கு வெளிச்சத்தைக் குறைப்பது, எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு. கண்ணுக்குத் தெரியாது, கேமரா பிடித்துவிடும். எங்கள் விளக்கில் வெளிச்ச அளவு 0 முதல் 255 வரை; அதை 255-இல் முழுதாக வைத்தால் பட்டை வருவதில்லை, குறைத்தால்தான் வருகிறது. அதனால் ஒரு நிறத்தை ஏற்றினால் முழுதாக ஏற்றுவது, வெளிச்சம் அதிகமானால் விளக்கை நகர்த்துவது என்று வழக்கம் வைத்திருக்கிறோம். மெல்லிசைப் பாட்டின் முடிவில் விளக்கை மெதுவாக அணைக்கவும் இதில் முடியாது. 256 படிகளில் கடைசிச் சில படிகள் தடதடவென்று குதிக்கும். பாட்டு மெல்ல அடங்கும்போது விளக்கு மட்டும் விக்கி விக்கி அணைவதைப் பார்க்கச் சகிக்காது.

பழுது பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு விளக்குகளில் விசிறி நின்றுபோனது. திருவிழாக் காலத்தில் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் நேராக மேடைக்குத்தான் வரும். இறக்கைகள் பின்பக்கத் துளை வழியாகப் போய் விசிறியில் சுற்றிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்து மண்சாலைத் தூசியும் சேர்ந்தால் கெட்டியாக அப்பிவிடும். விசிறி நின்றால் சூடு ஏறும், சூடு ஏறினால் எல்இடியின் ஆயுள் குறையும். திறந்து பார்த்தால் சாதாரண 12 வோல்ட் விசிறிதான், ஈப்போவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. சாலிடரிங் தெரிந்தவர் ஒரு மாலையில் மாற்றிவிடலாம். விற்ற கடையோ வாரண்டி பற்றிய கேள்விக்குப் பதில்கூடப் போடவில்லை. மழைக்குத் தாங்கும் விளக்கும் இல்லை இது. வெளியில் வைக்கத்தான் வேண்டுமென்றால் தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபி65 போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள், விலை கூடும்.

ஈசலும் நீல ஒளிக்குத்தான் அதிகம் மயங்குகிறது. பொதுவாகவே பூச்சிகளுக்கு நீலமும் அதைத் தாண்டிய ஊதாவும் பிடிக்கும், மஞ்சள் பக்கம் குறைவாக வரும். பாடகரின் வாய்க்கு முன்னால் பூச்சி பறக்காமல் இருப்பதற்கும் மஞ்சள் விளக்கே நல்லது.

முகத்துக்கு என்ன செய்கிறோம் என்றால், முதலில் ஹார்ட்வேர் கடையில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் ஃப்ளட் லைட் இரண்டு வாங்கி ஸ்டாண்டில் கட்டினோம். வீட்டு வாசலுக்குப் போடுகிற அதே விளக்கு. குறைக்கவும் முடியாது, மேடைக்கென்று செய்ததும் இல்லை. ஆனால் அதைப் பாடகர்களுக்கு முன்னால், பக்கவாட்டில் சற்று உயரத்தில் வைத்து எரியவிட்ட அன்று அக்காவின் முகம் அவர் முகமாகவே இருந்தது. குங்குமம் குங்குமமாகத் தெரிந்தது. பிறகு காசு சேர்த்து, ஒரே பெரிய சிப் வைத்த சிஓபி வகை வார்ம் ஒயிட் பார் லைட் ஒன்று வாங்கினோம். அந்த 54 எல்இடி விளக்கைப் போல மூன்று மடங்கு விலை. நிழல் ஒன்றாக விழுகிறது, தோல் உயிரோடு தெரிகிறது, மெதுவாக அணைத்தால் மெதுவாக அணைகிறது. பழைய நான்கையும் பின்னால் தள்ளி, சுவருக்கும் துணிக்கும் மட்டும் நிறம் கொடுக்க வைத்துவிட்டோம். அந்த வேலையை இன்றுவரை குறையில்லாமல் செய்கின்றன.

மின்சாரம் குறைவு, சூடு இல்லை, வேனின் ஒரு மூலையில் அடங்கும், பழுதானால் நாமே சரிசெய்யலாம், டிஎம்எக்ஸ் பேசும். இவ்வளவும் உண்மை. ஆனாலும் தம்பி, நீ நாலு வாங்காதே. உன் குழுவில் பாட ஆள் இருக்கிறார்கள். கையில் 400 வெள்ளி இருந்தால் முதலில் வார்ம் ஒயிட் ஒன்று வாங்கு. மீதியில் அம்பர் சேர்ந்த கலர் விளக்கு ஒன்று கிடைத்தால் போதும். ஆறு நிற வகைகளில் அம்பர் இருக்கும், அட்டையில் பார்த்து வாங்கு. சுவர் இருட்டாக இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இந்த 54 எல்இடி விளக்கைத் தயாரிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். 18 பச்சையை வைத்து ஒரு சின்ன மேடையில் என்ன செய்வது? அதில் ஆறை எடுத்துவிட்டு ஆறு அம்பர் வைத்திருந்தால் இந்த விளக்கை எல்லோருக்கும் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.